நொடிக்கு ஒன்பது சுற்று

எங்கள் விறகுத் தொட்டிக்கு மெஷின் வாங்குவதென்று பேச்சு தொடங்கிய நாளிலிருந்து அது வந்து இறங்கிய நாள்வரை ஐம்பத்திரண்டு நாட்கள். அதில் நான் சரியாகத் தூங்கியது ஏழு இரவுகள் இருக்கும். எண்ணிக்கையில் எனக்குத் தவறு வராது. செஞ்சியில் ஒரு நெல் மண்டியில் முப்பத்தொரு வருஷம் மூட்டை எண்ணியவன். அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. இப்போது எழுபத்து நான்கு வயது. படிக்கட்டு, மின்கம்பம், மாத்திரை, பஸ் ஜன்னல் என்று எதைப் பார்த்தாலும் எண்ணுகிறேன். நிறுத்திப் பார்த்தேன், பயம் கூடுகிறது. எண்ணிக்கொண்டிருந்தால் பயம் போய்விடுவதில்லை. கொஞ்சம் தள்ளி உட்காருகிறது, அவ்வளவுதான்.

தொட்டி செஞ்சியிலேயே, திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது. வீடு அதன் பின்னாலேயே. நாலரை மணிக்கு மலையின் நிழல் வந்து புளிய விறகு அடுக்கின் மேல் ஏறும். என் மகன் மரம் வாங்கி, வெட்டி, விற்பவன். ஏரிக்கரையிலோ யாருடைய கொல்லையிலோ மரம் இருப்பதாகக் கேள்விப்பட்டால் டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவான். போன வருஷம் ஆடி மாதம் ஒரு புளியமரத்தின் அடித்துண்டை டிரெய்லரில் ஏற்றினார்கள். இரண்டு பலகை சாய்த்து, நாலு பேர் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். பலகை ஒன்று வழுக்கியது. துண்டு திரும்பி உருண்டு அவனுடைய இடது காலின் மேல் ஏறி நின்றது. எலும்பு மூன்று இடத்தில் முறிந்தது. பதினாறு வாரம் படுக்கை. இப்போது நடக்கிறான், டிராக்டர் ஓட்டுகிறான். கிளட்ச் மிதிக்கும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொள்கிறான். கோடாலி தூக்கிக் கால் ஊன்றி நிற்க முடியாது.

அந்தப் பதினாறு வாரத்தில் தொட்டி மருமகளின் கைக்குப் போயிற்று. மேல்மலையனூர் பக்கத்துப் பெண். பி.காம். படித்தவள். புடவைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள். மூன்றே வாரத்தில் வேம்பு எது, வேலிகாத்தான் எது, ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று கையில் எடுத்ததும் சொல்லத் தொடங்கிவிட்டாள். பிளப்பதுதான் சிக்கலாக இருந்தது. எங்களிடம் விறகு பிளப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் சென்னைக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். மற்றவருக்குத் தோள்பட்டை போய்விட்டது. கல்யாணச் சமையற்காரர்கள் உருட்டுக் கட்டையை வாங்க மாட்டார்கள். மேல்சித்தாமூரிலிருந்து வரும் ஜைனக் குடும்பங்களோ பிளந்ததை மட்டுமே வாங்குவார்கள். கட்டைக்குள் புழு பூச்சி இருந்து நெருப்பில் போய்விடக் கூடாது என்பது அவர்கள் விரதம். ஒவ்வொரு பிளாச்சையும் திருப்பிப் பார்த்துத்தான் வண்டியில் போடுவார்கள்.

மகனுக்கு வேறு ஆசை இருந்தது. டிராக்டருக்குப் பின்னால் பொருத்தும் வின்ச். இரும்புக் கயிற்றைச் சுற்றி இழுக்கிற சக்கரம் அது. அது இருந்தால் கட்டையை ஆள் வைத்து நெம்ப வேண்டியதில்லை, தானாக இழுத்துவிடும். தன் காலைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னான். மருமகள் கேட்டாள்:

"இழுத்தாந்து போட்டுட்டா? பொளக்கறது யாரு, நீங்களா?"

"நீதான் பொளக்கறியே, வாயால" என்றான் அவன்.

"வாயால பொளக்க முடிஞ்சா உங்க அம்மாவ உட்டே பொளந்திருப்பேனே. எதுக்கு மெஷினு?"

என் மனைவி உள்ளிருந்து, "கேக்குதுடி" என்றாள். எல்லோரும் சிரித்தோம். இரண்டும் வாங்க வழியில்லை. பிளக்கிற மெஷின் என்று அன்றைக்கு முடிவாயிற்று.

மறுநாள் காலை மருமகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். டிராக்டரின் பின்புறம் சுழலும் தண்டில் ஒரு இரும்புக் கூம்பைப் பொருத்தியிருந்தார்கள். கூம்பில் திருகு வரிகள். ஒரு ஆள் கட்டையை எடுத்து அந்தக் கூம்பின் முனையில் சும்மா முட்டக் கொடுக்கிறான். திருகு கட்டையைக் கடித்து உள்ளே இழுக்கிறது. படீரென்று இரண்டாகிறது. அடுத்த கட்டை. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிஷத்தில் பதினான்கு கட்டை.

"எப்படி மாமா?" என்றாள். கண்ணெல்லாம் வெளிச்சம்.

"வேகமாத்தான் இருக்குது" என்றேன்.

டிராக்டரின் அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஐந்நூற்று நாற்பது சுற்று சுற்றும். மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நொடிக்கு ஒன்பது. கூம்பின் பருத்த பக்கம் நாலு அங்குலக் குறுக்களவு என்றால் சுற்றளவு ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலே. ஆக நொடிக்கு ஒன்பது அடிக்குக் குறையாமல் எதையும் சுருட்டி இழுத்துவிடும். கட்டையைத்தான் இழுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

மருமகளின் கழுத்தை மாமனார் பார்க்கக் கூடாது. நான் பார்க்கிறவனும் அல்ல. ஆனால் அவள் குனிந்து விறகு அடுக்கும்போது தாலிக் கயிறு சட்டையின் மேல் பொத்தான் வழியாக வெளியே விழுந்து ஊசலாடுவது தொட்டியின் எந்த மூலையிலிருந்தும் தெரியும். அவள் அதை எடுத்து முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வாள். அடுத்த முறை குனியும்போது அது மறுபடி முன்னால் வந்து விழும். ஒரு நாள் காலை எட்டிலிருந்து ஒன்பது மணிவரை எண்ணினேன். பதினெட்டு முறை. புடவை முந்தானையைச் செருகிக்கொள்ளலாம், கூந்தலைத் துண்டுக்குள் கட்டலாம், வளையலைக் கழற்றிவிடலாம். கயிற்றை என்ன செய்வது? அதன் நீளம் இரண்டரை அடி இருக்கும். ஒன்பதில் இரண்டரை. ஒரு நொடியில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே. 'ஐயோ' என்று சொல்லிப் பார்த்தேன், அதற்கே அரை நொடி ஆகிறது. அதை நூல் என்று நினைக்கக் கூடாது. எட்டுப் பத்து இழை முறுக்கி, மஞ்சள் ஏறி, வியர்வையில் ஊறி இறுகிய கயிறு. அறாது. கழுத்துதான் போகும்.

இதை அவளிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யம்மா. அந்த வாக்கியத்தை வாய்க்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். தாலியைக் கழற்று என்று நம் வீடுகளில் ஒரு பெண்ணிடம் சொல்லப்படும் நாள் ஒன்றே ஒன்றுதான். அதுவும் புருஷனைப் பெற்றவன் சொல்வதா? அதுவும் என் மகன் ஆறு மாதம் முன்னால்தான் படுக்கையிலிருந்து எழுந்திருக்கும்போது?

மனைவியை விட்டுச் சொல்ல வைக்கலாம் என்று சமையலறைக்குப் போனேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்" என்றேன்.

"இன்னாத்த சொல்லணும்?"

"வேல செய்யசொல்ல… கயிறு ஒன்னு தொங்குது பாரு."

"எந்தக் கயிறு?"

நான் என் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். புளிக் கரைசலிலிருந்து கையை எடுத்தாள். சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"அத இன்னா பண்ணணும்ன்றீங்க?"

"கொஞ்ச நேரம்… கழட்டி…"

"போயி வாய கழுவிக்கினு வாங்க" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் போய் உண்மையாகவே வாயைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு, காரணத்தைச் சொல்லாமல் அந்தக் கூம்பு மெஷினைத் தடுத்துவிடப் பார்த்தேன். டீசல் அதிகம் குடிக்கும் என்றேன். மணிக்கு எவ்வளவு, ஒரு வண்டி விறகுக்கு எவ்வளவு என்று அவள் பி.காம். கணக்கில் எனக்கே எண்ணிக் காட்டிவிட்டாள். சத்தம் என்றேன். சாலையில் ஓடும் லாரிக்கு அது குறைவு என்றாள். கணு விழுந்த புளியங்கட்டையைப் பிளக்காது என்றேன். அதைப் பிளக்கும் வீடியோவையும் வைத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். மொத்தம் ஒன்பது. எல்லாம் பொய் இல்லை, ஆனால் எதுவும் என் காரணம் இல்லை.

கடைசியில், "சரி மாமா, உங்களுக்கு எது புடிச்சிருக்குது, அதையும் ஒருவாட்டி பாத்துடுவோம்" என்றாள். திண்டிவனத்தில் விவசாயக் கருவிகள் விற்கும் இடம் ஒன்றுக்குப் போனோம். அங்கே ஹைட்ராலிக் மெஷின் இருந்தது. பின்னால் அதற்கென்றே தனி இன்ஜின், முன்னால் நீளமான இரும்பு மேடை. அதில் கட்டையைப் படுக்க வைக்க வேண்டும். ஒரு தடித்த இரும்புத் தண்டு மெதுவாக வந்து கட்டையை எதிரில் இருக்கும் கத்தி மேல் தள்ளும். இரண்டு கைப்பிடி. இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் நகரும். ஒரு கையை எடுத்தால் நின்றுவிடும். எனக்கு அந்த மெஷினைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. போக பதினோரு நொடி, திரும்ப எட்டு நொடி. கட்டை எடுத்து வைக்கும் நேரத்தையும் சேர்த்தால் நிமிஷத்துக்கு இரண்டு கட்டை.

மருமகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "மாடு அசபோடற மாரி இருக்குது மாமா. இத வெச்சிக்கினு ஒரு கல்யாணத்துக்கு விறகு பொளந்தா, அந்தப் பொண்ணு புள்ள பெத்து காதுகுத்தே வந்துடும்."

விற்பவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவலூர்பேட்டையில் ஒரு தொட்டியில் கூம்பு மெஷின் ஓடுகிறது என்று யாரோ சொல்ல, அடுத்த வாரம் அங்கே போனோம். மகன் மரம் ஏற்றப் போயிருந்தான். நானும் அவளும் பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் இருபத்திரண்டு ஜன்னல், அதில் நாலு கண்ணாடி இல்லாதவை. தொட்டிக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். பனியனும் அரைக்கால் சட்டையும்தான் உடுப்பு. கழுத்தில் கையில் ஒரு நூல்கூட இல்லை. நான் முதலில் பார்த்தது அவருடைய விரல்களைத்தான். பத்தும் இருந்தன. கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரு அம்மாள் தலைச்சுமையாக விறகைத் தூக்கிக்கொண்டு போய் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஐயா, வாம்மா. நீதான் ஓட்டப் போறியா?" என்று தொட்டிக்காரர் கேட்டார்.

"ஏன், ஓட்டக் கூடாதா?"

"ஓட்டு ஓட்டு. என் வூட்டுக்காரி கிரைண்டர் பக்கமே போவ மாட்டா, கரண்டு அடிச்சிடுமாம். என்ன மட்டும் நல்லா அடிப்பா."

டிராக்டரை ஸ்டார்ட் செய்தார். கூம்பு சுற்றத் தொடங்கியது. வேகம் ஏறியதும் திருகு வரிகள் மறைந்து கூம்பு அசையாமல் நிற்பது போலத் தெரிந்தது. சுழல்வதாகத் தெரிந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அது அமைதியாக, வழவழப்பாக, ஒன்றும் அறியாததுபோல நின்றது. அவர் ஒரு வேலிகாத்தான் கட்டையை முட்டக் கொடுத்தார். படீர். இன்னொன்று. படீர். மருமகள் கை தட்டினாள்.

"நான் ஒன்னு போட்டுப் பாக்கட்டா?"

"போடு. கைய கட்டைக்குப் பின்னால வெச்சிக்கோ. அதுவா இழுத்துக்கும், நீ தள்ளாத."

அவள் முந்தானையை நன்றாகச் செருகிக்கொண்டாள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள். எல்லாம் கவனமாகத்தான் செய்தாள். இரண்டு கையாலும் கட்டையைத் தூக்கி, கூம்பை நோக்கிக் குனிந்தாள். நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். கட்டை மறைத்திருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்றதால் தொட்டிக்காரருக்கும் தெரியவில்லை. சட்டையின் முதல் பொத்தானுக்கும் இரண்டாம் பொத்தானுக்கும் நடுவிலிருந்து மஞ்சள் கயிறு வெளியே நழுவியது. கட்டைக்குக் கீழே, கூம்பின் பக்கவாட்டில், ஒரு சாண் தூரத்தில் ஆடியது. அவள் இன்னும் குனிந்தாள். நாலு விரல் தூரம்.

நான் கத்தினேன். என்ன கத்துகிறேன் என்று தெரிந்து கத்தவில்லை.

"தாலிய கழட்டு! தாலிய கழட்டும்மா! தாலிய கழட்டு!"

மூன்று முறை. அவள் கட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் துள்ளினாள். தொட்டிக்காரர் ஓடிப்போய் டிராக்டரை நிறுத்தினார். சத்தம் அடங்கிய பிறகும் என் வாய் நாலாவது முறை அதைச் சொல்லியது. அந்த அமைதியில் அது தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

சுமை தூக்கிய அம்மாள் விறகை அப்படியே கீழே போட்டாள். "அடப்பாவி மனுசா, இன்னா வார்த்த சொல்ற நீ?" என்று மண்ணில் காறித் துப்பினாள். "யாருய்யா இந்தப் பொண்ணுக்கு நீ?"

"மாமனாரு" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் தன் காதைப் பொத்திக்கொண்டாள்.

மருமகள் என்னைப் பார்க்கவில்லை. கயிற்றைச் சட்டைக்குள் விட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். தொட்டிக்காரருக்கு என்னவோ புரிந்திருக்க வேண்டும். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவள் மூன்று வரிசை முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் அவளுடைய கழுத்தின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மஞ்சள் கயிறு ஒரு கோடாகத் தெரிந்தது. அன்றைக்கு ஜன்னல்களை எண்ணவில்லை.

வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவலூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு சமையற்காரர் வழியாக என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. "பெத்த புள்ளைய உசுரோட வெச்சிக்கினு…" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அன்றிலிருந்து ஆறு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். ஆறாம் நாள் மாலை மகன் என் பக்கத்தில் வந்து கட்டை மேல் உட்கார்ந்து இடது காலை நீட்டிக்கொண்டான்.

"இன்னா நைனா, எனக்குப் பால் ஊத்திட்டியாமே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். கண் சிரிக்கவில்லை. நான் கணக்கைச் சொன்னேன். ஐந்நூற்று நாற்பது. ஒன்பது. இரண்டரை அடி. கால் நொடி. விரலால் மண்ணில் எழுதிக் காட்டினேன். அவன் எழுந்து போகாமல் கடைசிவரை கேட்டான். பலகை வழுக்கியதற்கும் கட்டை தன் கால் மேல் நின்றதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது என்று அவனுக்குத் தெரியும். "டே என்று சொல்லக்கூட நேரமில்லை" என்று ஆஸ்பத்திரியில் சொன்னவன் அவன்.

கதவருகில் மருமகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வெளியே வந்தாள்.

"இதத்தான் ஒன்பது காரணம் சொல்லி சுத்தினீங்களா?" என்றாள். ஆறு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பிறகு புருஷனிடம், "டிராக்டர எடுங்க. பாத்துடுவோம்" என்றாள்.

உள்ளே போய் ஒரு புது மஞ்சள் கயிறு கொண்டுவந்தாள். ஆடிப் பதினெட்டுக்கு மாற்றிக்கொள்ள வாங்கி, குங்குமச் சிமிழோடு வைத்திருந்தது. என் மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அதக் கொண்டு போயி எங்கடி வெக்கப் போற?"

"முடி போடற வரைக்கும் இது வெறும் நூல்தான் அத்த. கடையில முழம் போட்டு விக்கறான்."

தண்ணீர் பிடிக்கும் பச்சை பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தில் அந்தக் கயிற்றை முடிந்தாள். குடத்தை டிராக்டருக்குப் பின்னால் ஒரு கட்டை மேல் வைத்தாள். மகன் ஸ்டார்ட் செய்து, பின்னால் இருக்கும் பல் போட்ட தண்டைச் சுற்றவிட்டான். எங்களை எல்லாம் ஏழெட்டு அடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவள் ஒரு நீளமான சவுக்குக் கழியால் குடத்தைத் தண்டின் பக்கம் மெதுவாக நகர்த்தினாள். கயிறு தொங்கியது. ஆடியது. தொட்டது.

நான் எண்ண வாயெடுத்தேன். 'ஒ' வருவதற்குள் குடம் கட்டை மேல் இல்லை. டிராக்டரின் கொக்கியில் மோதி வெடித்த சத்தம்தான் கேட்டது. கழி அவள் கையிலிருந்து எகிறி விறகு அடுக்கில் போய் விழுந்தது. மகன் நிறுத்தினான். குடத்தின் கழுத்து தனியாக, வளையமாகத் தண்டில் கோத்துக் கிடந்தது. அதன் மேல் மஞ்சள் கயிறு ஊசியிடுக்கு இல்லாமல் சுற்றியிருந்தது. கயிறு அறவில்லை.

யாரும் கிட்டே போகவில்லை. என் மனைவி தன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மருமகள்தான், "அந்த அசபோடற மாட்டையே எடுத்துடலாம்" என்றாள்.

ஐம்பத்திரண்டாம் நாள் ஹைட்ராலிக் மெஷின் வந்தது. சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம் பழம் வைத்து, மாலை போட்டோம். ஓட்டுவதற்கு முன் மாலையை அவளே கழற்றித் தூர வைத்தாள். நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"மெஷின நீங்க சொன்னதையே எடுத்தாச்சு மாமா. நீங்க சொன்ன இன்னொன்னையும் செஞ்சிடறேன். இதுலயும் பின்னால இன்ஜின் தண்டு சுத்துது. மூடி போட்டிருக்கான், இருந்தாலும் சுத்துது. வேல நேரத்துல கயிறு சாமி ரூம்ல இருக்கட்டும்."

இதைத்தான் நான் கேட்டிருந்தேன். மூன்று முறை கத்தி, நாலாவது முறையும் கேட்டிருந்தேன். இப்போது அவள் தருகிறேன் என்றதும், மகன் அந்த நேரத்தில் எங்கே இருப்பான், எந்த மரத்துக்குக் கீழே இருப்பான் என்றுதான் மனம் ஓடியது.

என் மனைவி உள்ளே போனாள். கழுத்தை வெறுமையாக விடக் கூடாது என்பது அவள் எண்ணம். கயிறு மாற்றும்போது நடுவில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டை நூலில் கோத்துக் கட்டிக்கொள்வார்களே, அதுபோல ஒன்று செய்தாள். ஆனால் தையல் நூலில், ஒரே ஒரு இழையில். மஞ்சள் பூசி, ஒரு சின்ன மஞ்சள் துண்டைக் கட்டி எடுத்து வந்தாள். "இழுத்தா பட்டுனு பூடும்" என்றாள், என்னைப் பார்க்காமல். நான் அப்படி ஒரு நூலை வாங்கித் தராசுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். முக்கால் கிலோவுக்கே அறுந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற பெண். எனக்கு இது தோன்றவில்லை.

காலை ஏழரைக்கு அவள் கயிற்றைக் கழற்றி நூலைக் கட்டிக்கொள்வாள். வேலை முடிந்ததும் குளித்துவிட்டுக் கயிற்றைப் போட்டுக்கொள்வாள். எந்த நேரமும் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. மெஷின் பதினோரு நொடி போய் எட்டு நொடி வந்துகொண்டிருந்தது. ஆர்டர்கள் இரண்டு போயின, மூன்று வந்தன. ஐந்து வாரம் ஓடியது.

ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்று பத்துக்கு, மெஷின் நின்றது. மருமகள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிளாச்சுக்கு நடுவில் மஞ்சள் துண்டு கிடந்தது. பிளாச்சில் நீட்டிய ஒரு சிம்பில் நூல் மாட்டியிருக்கிறது, அவள் நிமிர்ந்திருக்கிறாள், அறுந்திருக்கிறது. அவள் கழுத்தில் ஒரு சிவப்புக் கீறல்கூட இல்லை. அறுவதற்கென்றே கட்டிய நூல், அறுந்தது. இதைவிட நல்ல செய்தி ஒன்று இருக்க முடியாது.

அவள் மஞ்சள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "அத்த" என்று கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. என் மனைவி வந்து பார்த்தாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே விஷயத்தை நினைத்தோம். மகன் காலையில் சீயமங்கலத்துக்குப் போயிருந்தான், ஏரியோரத்து வேம்பு இரண்டு வெட்டி ஏற்ற.

நான் போனை எடுத்தேன். மணி அடித்தது. பதின்மூன்று முறை அடித்து நின்றது. மறுபடி. பதின்மூன்று. நான் படித்தவன். நூலுக்கும் சீயமங்கலத்துக்கும் நடுவில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தவன். மூன்றாவது முறையும் போட்டேன். மருமகள் உள்ளே ஓடிப்போய்க் கயிற்றைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அவசரத்தில் சட்டைக்கு மேலேயே கிடந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டு மெஷினில் சாய்ந்து நின்றாள். நாலு, ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொரு முறையும் பதின்மூன்று. கட்டை உருள்வதும் பலகை வழுக்குவதும் எனக்கு மறுபடி மறுபடி தெரிந்தது. இந்த முறை காலோடு நிற்கவில்லை. நான்தான் சொன்னேன். தெருவுக்கே கேட்கும்படி நான்தான் சொன்னேன்.

பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு அவனே கூப்பிட்டான்.

"இன்னா நைனா, ஏழு வாட்டி கூப்ட்டுகிற? ரம்பம் ஓடிக்கினு இருந்துச்சு, கேக்கல. வீட்ல யாருக்குன்னா எதுனா ஆயிடுச்சா?"

"ஒன்னுமில்ல" என்றேன். "சாப்டியா?"

"பன்னெண்டு மணிக்கு முன்னால யாரு நைனா சாப்புடுவா?" என்று சிரித்தான். பின்னால் யாரோ மரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. "ரெண்டு மணிக்கு வந்துடறேன்."

போனை வைத்தேன். மருமகள் ஒரு கட்டை மேல் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டாள். என் மனைவி தையல் நூல் உருண்டையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, ரெண்டு இழையா போட்டுடட்டா?"

இரண்டு இழை என்றால் ஒன்றரை கிலோ. ஒரு கழுத்து அதைத் தாங்கும். ஆனால் அந்த இரண்டும் ஒரு நாள் அறும். அன்றைக்கு இதேபோல மூன்று பேரும் நிற்போம். அடுத்த நாள் மூன்றாகும், பிறகு நாலாகும். எத்தனையாவது இழையில் அது மறுபடி கயிறாகும் என்று எனக்குத் தெரியும். மருமகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு கணக்கை மட்டும் எல்லோரும் என்னிடம் விட்டுவிட்டார்கள்.

"ஒன்னே போதும்" என்றேன்.

மனைவி ஒரு இழையைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதில் மஞ்சளைத் தடவினாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு டிராக்டர் சாலையிலிருந்து திரும்பும் சத்தம் கேட்கும்வரை எங்களில் யாரும் தட்டில் கை வைக்கவில்லை.